கட்டூசோவின் மனச்சாட்சியும் யூஃபாவின் மௌனமும்

2025 நவம்பர் 16ஆம் திகதி மிலான் நகரின் சன் சீரோ மைதானத்தில் இத்தாலி அணி நோர்வேயிடம் 1-4 என்ற கோல் கணக்கில் தோற்றது. நோர்வே 1998ஆம் ஆண்டுக்குப் பின்னர் முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. இத்தாலியோ 2026 மார்ச்சில் வட அயர்லாந்தை எதிர்கொள்ள வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டது. அதில் வென்றாலும் இன்னொரு போட்டி காத்திருந்தது. நான்கு தடவை உலகக் கிண்ணத்தை வென்ற இந்த நாடு 2018இலும் 2022இலும் அந்தத் தொடருக்கே போகவில்லை. மூன்றாவது தடவையும் போகாமல் விடுமா என்பதே அப்போது இத்தாலிய ஊடகங்களின் கேள்வி. அந்தக் கேள்வியைச் சுமந்து நின்றவர் அப்போதைய பயிற்றுவிப்பாளர் ஜெனாரோ கட்டூசோ.

ஜூன் மாதம் பொறுப்பேற்ற கட்டூசோ ஆறு தகுதிகாண் போட்டிகளில் அணியை வழிநடத்தினார். ஐந்தில் வெற்றி, ஒன்றில் தோல்வி. தோற்ற போட்டியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது வென்ற போட்டிகளில் இரண்டைப் பற்றி. அந்த இரண்டும் இஸ்ரேலுக்கு எதிரானவை. காஸாவில் மக்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு விளையாட்டுப் பயிற்றுவிப்பாளரிடம் உலகம் எதைக் கேட்டது, அவரால் எதைக் கொடுக்க முடிந்தது என்பதை அவை காட்டுகின்றன. அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த மனிதர் யார் என்று பார்க்க வேண்டும்.

கட்டூசோ 1978இல் இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியா மாகாணத்தில் பிறந்தவர். வேலை தேடி இளைஞர்கள் வடக்குக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விடும் ஏழைப் பிரதேசம் அது. தந்தை தச்சர். கட்டூசோ பன்னிரண்டு வயதிலேயே வீட்டை விட்டுப் பெருஜியா கழகத்தில் சேர்ந்தார். 1997இல், பத்தொன்பது வயதில், ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்துக்குப் போனார். 1999இல் ஏசி மிலானில் இணைந்து 13 பருவங்கள் விளையாடினார். சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை 2003இலும் 2007இலும், உலகக் கிண்ணத்தை 2006இலும் வென்ற அணிகளில் அவர் இருந்தார்.

நடுக்களத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் ஆந்திரேயா பிர்லோ. அழகான பந்துப் பரிமாற்றம் பிர்லோவின் வேலை. எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து பிர்லோவிடம் கொடுப்பது கட்டூசோவின் வேலை. அவருக்கு வைக்கப்பட்ட பட்டப்பெயர் ரிங்கியோ. இத்தாலிய மொழியில் அதற்கு உறுமல் என்று பொருள். தன்னிடம் பெரிய திறமை இல்லை, உழைப்புத்தான் இருக்கிறது என்பதை அவர் மறைத்ததே இல்லை.

பயிற்றுவிப்பாளராக அவரது பாதை மேடும் பள்ளமுமானது. 2013இல் சுவிற்சர்லாந்தின் சியோன் கழகத்தில் தொடங்கி, அதே ஆண்டு பலெர்மோவுக்கு வந்தார். 1980கள் தொடக்கம் எங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் குடியேறி வாழும் அதே சிசிலியத் தலைநகர்தான். அங்கே ஆறு லீக் போட்டிகளுடன் பதவி நீக்கப்பட்டார். 2014இல் கிரேக்கத்தின் கிரீட் தீவிலுள்ள ஓஃபி கழகத்துக்குப் போனார். கழகம் பணநெருக்கடியில் இருந்தது. வீரர்களுக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. ஒரு தடவை விலகி, திரும்பி வந்து, ஆண்டு முடிவில் மறுபடி விலகினார். சில மாதங்களில் அந்தக் கழகமே லீக்கிலிருந்து வெளியேறியது.

அடுத்தது பீசா. 2016இல் அந்தக் கழகத்தை மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு உயர்த்தினார். உடனே அங்கும் உரிமையாளர் பிரச்சினை, சம்பள நிலுவை. அந்தக் கோடையில் பதவி விலகிய அவர் சில வாரங்களில் திரும்பி வந்து பருவம் முழுவதும் அணியுடன் நின்றார். கழகம் மறுபடி கீழிறங்கியது. ஆனாலும் பீசா மக்கள் அவரைத் தோல்வியடைந்தவராக நினைவுகூருவதில்லை.

2017 நவம்பரில் தன் பழைய கழகமான மிலானைப் பொறுப்பேற்றார். 2019இல் ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் சம்பியன்ஸ் லீக் வாய்ப்பை இழந்தார். அப்போது அவரது ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தன. தனக்கு வர வேண்டிய அந்தச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, தன்னோடு வேலை செய்த உதவியாளர்களின் சம்பளத்தைக் கழகம் வழங்குவதை உறுதிசெய்த பின்னரே அவர் வெளியேறினார் என இத்தாலிய ஊடகங்கள் பதிவு செய்தன. கோடிகள் புரளும் உதைபந்தாட்ட உலகில் இது அபூர்வம். அடுத்து நாப்போலியில் 2020 ஜூன் மாதம் இத்தாலியக் கிண்ணத்தை வென்றார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் தன் தங்கையை நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். தசைகளைப் பலவீனப்படுத்தும் நோயொன்று அவரையும் தாக்கியது. ஒரு கண்ணை மூடிக்கட்டியபடி மைதான ஓரத்தில் நின்று அணியை வழிநடத்தினார்.

இவரைப் புனிதராக்க நான் வரவில்லை. 2021இல் இங்கிலாந்தின் டொட்டன்ஹாம் கழகம் இவரை நியமிக்க முயன்றபோது, பெண்கள் பற்றியும் ஒருபாலினத் திருமணம் பற்றியும் இவர் முன்னர் சொன்ன கருத்துகளை ரசிகர்கள் எடுத்துப் போட்டு எதிர்த்தார்கள். நியமனம் கைவிடப்பட்டது. வலென்சியாவிலும் மார்செய்யிலும் ஒரு பருவம்கூட முழுதாக நிலைக்கவில்லை. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. தனக்குக் கீழே வேலை செய்பவனுக்கு அநியாயம் நடந்தால், தன் பதவியையும் பணத்தையும் வைத்து அதை எதிர்த்த வரலாறு இவருக்கு உண்டு.

அதனால்தான் இஸ்ரேலுடனான போட்டிகளின் போது பலரின் பார்வை இவர்மீது விழுந்தது. முதல் போட்டி செப்டெம்பர் 8ஆம் திகதி நடந்தது. இஸ்ரேலில் போட்டிகளை நடத்த முடியாததால் ஹங்கேரியின் தெப்ரெட்சன் நகரில் ஆடினார்கள். 5-4 என இத்தாலி வென்றது. இரண்டாவது போட்டி ஒக்டோபர் 14ஆம் திகதி இத்தாலியின் உதினே நகரில் நடந்தது. 3-0 என இத்தாலி வென்றது. வெளியே ஆயிரக்கணக்கானோர் பலஸ்தீனக் கொடிகளுடன் ஊர்வலம் போனார்கள். உள்ளே ஏறக்குறைய 25,000 பேர் அமரக்கூடிய மைதானம் பாதிகூட நிரம்பவில்லை.

இந்தப் போட்டிகளை ஆட வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது கட்டூசோ மழுப்பவில்லை. தான் சமாதானத்தை விரும்புபவன் என்றார். பொதுமக்களும் சிறுவர்களும் படும் துன்பம் தன்னை வருத்துகிறது என்றார். ஆனால் இஸ்ரேல் தங்கள் குழுவில் இருக்கிறது, ஆடித்தான் ஆக வேண்டும், ஆடாவிட்டால் 3-0 எனத் தோற்றதாகவே கணக்கிடுவார்கள் என்றார். மனவேதனையும் விதிமுறையும் ஒரே பதிலில் அடுத்தடுத்து வந்தன.

சம்பளத்துக்காகப் பதவியைத் தூக்கியெறிந்தவர் இதற்காக ஏன் எறியவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் விலகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அடுத்த நாள் இன்னொரு பயிற்றுவிப்பாளர் வந்திருப்பார். அதே போட்டி, அதே மைதானம். பீசாவில் சம்பளம் கொடுக்காத உரிமையாளர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவரது விலகல் அந்த உரிமையாளரை நேரடியாக உறுத்தியது. இங்கே முடிவெடுக்கும் இடம் வேறு. அது உலக அமைப்பான பீபாவும் ஐரோப்பிய அமைப்பான யூஃபாவும் இருக்கும் சுவிற்சர்லாந்து.

அந்த அமைப்புகளால் முடிவெடுக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது. போலந்து, சுவீடன், செக் குடியரசு ஆகிய மூன்று சங்கங்களும் ரஷ்யாவுடன் ஆட மாட்டோம் என அறிவித்தன. கொடியும் கீதமும் இல்லாமல், வேறொரு பெயரில், பொதுவான மைதானத்தில் ரஷ்யா ஆடலாம் என பீபா முதலில் ஒரு சமரசம் சொல்லிப் பார்த்தது. மூன்று சங்கங்களும் அசையவில்லை. பெப்ரவரி 28ஆம் திகதி, படையெடுப்பு தொடங்கி நான்கே நாட்களில், பீபாவும் யூஃபாவும் ரஷ்யாவை இடைநிறுத்தின.

காஸா விடயத்தில் அந்த வேகம் எங்கே போனது? 2025 ஓகஸ்ட் 6ஆம் திகதி பலஸ்தீன தேசிய அணியின் முன்னாள் வீரர் சுலைமான் அல் ஒபெய்த் தென் காஸாவில் உதவிப் பொருட்களுக்காகக் காத்திருந்தபோது இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டதாகப் பலஸ்தீனச் சங்கம் அறிவித்தது. யூஃபா அவருக்கு அஞ்சலி செலுத்தியது. ஆனால் அவர் எப்படி இறந்தார் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. எப்படி, எங்கே, ஏன் இறந்தார் என்று எகிப்திய வீரர் முகமட் சலா பகிரங்கமாகக் கேட்டார். சில நாட்களில் இதே உதினே மைதானத்தில் நடந்த யூஃபாவின் சுப்பர் கிண்ணப் போட்டியில், சிறுவர்களையும் பொதுமக்களையும் கொல்வதை நிறுத்துங்கள் என்ற பதாகை விரிக்கப்பட்டது. யாரிடம் அந்த வேண்டுகோள் என்று பதாகை சொல்லவில்லை. இஸ்ரேலை இடைநிறுத்துவது பற்றி யூஃபா வாக்கெடுப்பு நடத்தக்கூடும் எனச் செப்டெம்பரில் செய்திகள் வந்தன. ஒக்டோபர் 10இல் போர்நிறுத்தம் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

தனிமனிதனுக்கும் யூஃபாவுக்கும் இடையே எதுவுமே செய்ய முடியாத வெற்றிடம் இருக்கிறதா? இல்லை என்பதற்கு மூன்று உதாரணங்கள் இருக்கின்றன. ஓகஸ்டில் இத்தாலியப் பயிற்றுவிப்பாளர்களின் சங்கமே, இஸ்ரேலை இடைநிறுத்தக் கோருமாறு தன் நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குக் கடிதம் எழுதியது. நோர்வேயின் சங்கம் ஒக்டோபரில் ஒஸ்லோவில் இஸ்ரேலுடன் ஆடியது. ஆனால் அந்தப் போட்டியின் வருமானத்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் காஸாப் பணிகளுக்குக் கொடுத்தது. நவம்பரில் அயர்லாந்துச் சங்கத்தின் உறுப்பினர்கள், இஸ்ரேலை இடைநிறுத்தும்படி யூஃபாவைக் கோரும் தீர்மானத்தை 74க்கு 7 என்ற வாக்குகளில் நிறைவேற்றினார்கள்.

இந்த இடத்தில்தான் கட்டூசோமீது எனக்கு ஒரு குறை இருக்கிறது. தன்னந்தனியாகப் பதவி விலகும்படி அவரிடம் கேட்பது பொருத்தமில்லை. ஆனால் தன் தொழிற்சங்கம் எழுதிய கடிதத்தின் பக்கத்தில் அவர் நின்றிருக்கலாம். தேசிய அணியின் பயிற்றுவிப்பாளர் வாய் திறந்து அந்தக் கடிதம் சரி என்று சொல்லியிருந்தால், இத்தாலியச் சம்மேளனம் அதை அவ்வளவு இலகுவாக ஓரங்கட்டியிருக்க முடியாது. வேதனைப்படுகிறேன் என்று சொல்வதற்கும், அந்த வேதனைக்குக் காரணமானதைப் பற்றி முடிவெடுங்கள் என்று கேட்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அவர் முதலாவதோடு நின்றுவிட்டார்.

விளையாட்டையும் அரசியலையும் கலக்கக் கூடாது என்ற வாதம் நமக்குப் பழக்கமானது. அதேபோல், தவறான ஆளைத் தண்டிப்பதும் பழக்கமானதுதான். 2013இல் இலங்கை வீரர்கள் ஐபிஎல் போட்டிகளுக்காகச் சென்னைக்கு வரக் கூடாது என்று தமிழக அரசு சொன்னது. அந்தத் தடை தமிழரான முத்தையா முரளிதரனுக்கும் சேர்த்தே விழுந்தது. போரில் நடந்தவற்றுக்குப் பொறுப்புக் கூற வேண்டிய எவரையும் அது தொடவில்லை. வீரரையும் பயிற்றுவிப்பாளரையும் கூண்டில் நிறுத்துவது இலகு. அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். கையெழுத்துப் போடுபவர்கள் தெரிவதில்லை.

போரில் உறவுகளை இழந்த மக்களுக்கு அனுதாப வார்த்தைகளுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. நிறுவனங்கள் அனுதாபப்படும், அஞ்சலி செலுத்தும், பதாகை பிடிக்கும். அவை எதுவும் ஒரு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. வாக்கெடுப்பும் தீர்மானமும் இடைநிறுத்தமும்தான் கட்டுப்படுத்தும். ஆகவே கேட்க வேண்டியது யாரிடம், எந்த வடிவத்தில் என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். அயர்லாந்தில் 74 பேர் கையுயர்த்தியது அப்படியொரு தெளிவு.

2026 மார்ச்சில் இத்தாலி வென்றால் கட்டூசோ கொண்டாடப்படுவார், தோற்றால் தூற்றப்படுவார் என்ற நிலை இருந்தது. 2022 மார்ச்சில் வட மசிடோனியாவிடம் இத்தாலி தோற்றது பலெர்மோ மைதானத்தில்தான் என்பதை அந்த நகரில் வாழும் எங்கள் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த முடிவு எப்படி வந்திருந்தாலும், அயர்லாந்துச் சங்கத்தின் தீர்மானத்துக்கு யூஃபா சொல்லப்போகும் பதிலையே நான் எதிர்பார்த்திருக்கிறேன். நான்கு நாட்களில் ஒரு நாட்டை இடைநிறுத்தத் தெரிந்த அமைப்பு, இரண்டு ஆண்டுகளாக ஏன் முடியவில்லை என்பதற்கு அங்கேயாவது பதில் சொல்ல வேண்டும்.