வர்த்தகமும் ஒரு கல்வியே

பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்ததும் எமது வீடுகளில் மருத்துவமும் பொறியியலுமே விடையாகின்றன. அவை கைகூடாவிடின் கணக்கியல். சர்வதேச வர்த்தகம் என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால், “கடை வைப்பதற்கு எதற்குப் படிப்பு?” என்ற ஏளனமே பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கின்றது. இது அறியாமையின்பாற்பட்ட ஏளனம் என்றே நாம் கருதுகின்றோம்.

எமது கடைகளில் விற்கும் மாம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். 2014 மே மாதம், பழ ஈக்களைக் காரணங்காட்டி, இந்திய மாம்பழ இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. 2015இன் தொடக்கத்தில் தடை நீங்கியது. 2019 டிசம்பர் முதல் ஏறத்தாழ எல்லாப் பழங்களுக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கட்டாயமாயிற்று. தேங்காய், வாழைப்பழம் உள்ளிட்ட ஐந்துக்கே விலக்கு. சான்றிதழோடு சங்கடம் தீர்ந்துவிடுவதுமில்லை. கொழும்பிலிருந்து வரும் தேயிலை நடுக்கடலில் நனைந்து கெட்டால் நட்டம் யாருக்கு? சி.ஐ.எப். முறையில் கப்பற்கூலியையும் காப்புறுதியையும் விற்பவரே செலுத்துகின்றார். ஆயினும் சரக்கு கப்பலில் ஏறியதுமே ஆபத்து வாங்குபவருடையதாகிவிடுகின்றது. காப்புறுதி நிறுவனத்திடம் நட்டஈடு கோரி அலையவேண்டியவர் அவரே. அந்த மூன்றெழுத்தின் பொருளறியாமல் கையெழுத்திடும் வணிகர்கள் எம்மிடையே உளர். இவற்றை அறிந்தவர்களுக்கே வங்கிகளின் நாணயக் கடிதப் பிரிவுகளிலும், கப்பற் சரக்கு முகவர் நிலையங்களிலும், சுங்க அலுவல்களிலும் வேலை காத்திருக்கின்றது. பட்டத்தின் பெயரைக் கண்டு மயங்காது, பாடத்திட்டத்தில் சுங்கச் சட்டமும் ஏற்றுமதி ஆவணங்களும் உண்டா எனப் பெற்றோர் விசாரிப்பது நன்று.

பல்கலைக்கழகம் ஒன்றே வழியுமன்று. ஜேர்மனியில் மொத்த வியாபாரத்திற்கும் வெளிநாட்டு வர்த்தகத்திற்குமென மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி உண்டு. பயிலுநர் நிறுவனமொன்றில் வேலை பழகியவாறே தொழிற்பாடசாலைக்கும் செல்வார். மாதந்தோறும் ஊதியமும் பெறுவார். புகலிட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, நாடுகடத்தல் மட்டும் ஒத்திவைக்கப்பட்டுள்ளோர் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஒருங்கிணைப்புச் சட்டம், அத்தகையோர் பயிற்சி முடியும்வரை தங்கவும், பின்னர் கற்ற தொழிலிலேயே வேலை கிடைத்தால் ஈராண்டு வதிவிட அனுமதி பெறவும் வழிசெய்தது. அவ்வழி இன்றும் திறந்தே உள்ளது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. அடையாளத்தை உரிய காலத்தில் நிரூபிப்பது அவற்றுள் முக்கியமானது. ஆகவே பயிற்சி ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை பெறுதல் அவசியம்.

பயிற்சியாண்டு ஆகஸ்டிலோ செப்டெம்பரிலோ தொடங்குகின்றது. பெரிய நிறுவனங்கள் ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்னரே ஆட்களைத் தெரிவுசெய்துவிடுகின்றன.