எருவும் நம் உரிமையே

உலகம் போற்றும் திருக்கோணமலைத் துறைமுகத்தின் அயலில் உள்ளது சல்லி. கப்பல் வந்தாலன்றிக் கதிர் விளையாது என்னும் நிலை, துறைமுகத்தின் வாயிலில் வாழும் நமக்குப் பெருமையா, சிறுமையா? கமக்காரரும் கற்றோரும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. மாற்று ஏற்பாடு எதனையும் செய்யாது சேதனப் பசளை தேடிச் சீனாவை நாடினர். அந்தச் சரக்கில் பயிருக்குத் தீங்கான பற்றீரியா இருப்பதாக நம் நாட்டு நிபுணர்கள் கண்டமையால் கப்பல் திருப்பப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. எனினும் பெரும்போகம் நலிந்தது. இறக்கப்படாத சரக்குக்கு 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலரும் கொடுக்கப்பட்டது. வீட்டுப் பட்டியிலுள்ள எருவை விட்டு, எருத் தேடிக் கடல் கடந்தவர்களை வரலாறு மன்னிக்குமா?

பயிருக்கு வேண்டிய நைதரசனைக் காற்றிலிருந்து ஆக்கலாம். பொசுபரசை அவ்வாறு ஆக்க முடியாது, பாறையிலிருந்தே பெறவேண்டும். உலகப் பொசுபேற்றுப் பாறை இருப்பில் ஏறத்தாழ 70 வீதம் மொரோக்கோவின் கையிலுள்ளது. 1971 இல் கண்டறியப்பட்ட எப்பாவலைப் பாறை தேயிலைக்கும் தென்னைக்கும் உதவும். எளிதிற் கரையாமையால் குறுகிய காலத்தில் விளையும் நெல்லுக்குப் போதாது.

அந்தப் பாறையை அந்நியக் கம்பனி தோண்டுவதற்கான உடன்படிக்கையை எதிர்த்து ஊரவர் வழக்காடினர். அதனால் அவர்களின் அடிப்படை உரிமை மீறப்படவிருப்பதாக 2000 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கை வளத்தை வருஞ் சந்ததிக்கும் காத்து வைக்கும் கடமையையும் வலியுறுத்தியது. பாறைக்கு உரைத்த நியாயம் சாணத்துக்குப் பொருந்தாதா?

கால்நடை தின்னும் தீனியிலுள்ள பொசுபரசின் பெரும்பங்கு எருவிலேயே வெளியேறுகிறது. திறந்த வெளியில் குவித்த எருவை மழை கழுவிக் களப்பிற் சேர்த்தால் பாசி பெருகும், நீரில் ஒட்சிசன் குன்றும், மீன் மாளும். கமக்காரன் இழப்பது கடற்றொழிலாளனுக்கும் கேடாக முடிகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. எருவைக் காற்றுப் புகாத தொட்டியிற் புளிக்கவிட்டால் அடுப்புக்கு எரிவாயு கிடைக்கும். பொசுபரசோ எஞ்சிய கூழில் அப்படியே இருக்கும். கூழைப் பிழிந்தால் சக்கை நேரே உரமாகும். பிழிந்த நீரில் மகனீசியம் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினால், கரைந்திருந்த பொசுபரசு ஸ்துருவைற்று என்னும் பளிங்காகப் படியும். அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு பொசுபரசு. மெல்லக் கரைவதால் நம் கரையோர மணலுக்கு ஏற்றது. உப்பளத்தில் உப்பு வாரியபின் எஞ்சும் கசப்பு நீரிலேயே மகனீசியம் நிறைய உண்டு. மாட்டெருவிற் சுண்ணத்தோடு பிணைந்த பொசுபரசை விடுவிக்க அமிலமும் வேண்டும். ஆதலால் இது தனியொருவர் செய்யும் தொழிலன்று; கூட்டுறவுச் சங்கத்தின் தொழில்.

ஜேர்மனி 2017 இல் சட்டமியற்றி, 2029 முதல் பெரிய கழிவுநீர் நிலையங்களின் சேற்றிலிருந்து பொசுபரசை மீட்கவேண்டுமென விதித்தது. செல்வந்த நாடே சேற்றைப் பொன்னாக மதிக்கையில் நாம் வாளாவிருப்பதோ?

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் கமத்தொழிலையும் கால்நடை வளர்ப்பையும் மாகாணத்துக்கு அளித்தது. கிழக்கு மாகாண சபையோ 2017 இல் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தது. கேட்பதற்கு நமக்கென ஒரு சபையில்லாத வேளையில்தான் பசளைத் தடை வந்து விழுந்தது என்பதை மறக்கலாகாது.

எனினும் பிரதேச சபை உண்டு. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபை சேகரிக்கும் குப்பை கழிவுகள் சபையின் உடைமை. அவற்றை விற்கவும் அதற்கு அதிகாரமுண்டு. எருவைச் சேகரிக்கச் சபையைக் கேட்போம். அதைப் பதப்படுத்தக் கூட்டுறவுச் சங்கம் அமைப்போம். கிருமியும் பார உலோகமும் இல்லையென விவசாயத் திணைக்களம் சோதித்த பின்னரே வயலில் இடுவோம். மாகாண ஆட்சியில் நம் உரிமையைக் கேட்கும் குரலோடு, நம் பட்டியிலுள்ள செல்வத்தைக் காக்கும் குரலும் எழட்டும்!