பாஞ்சாலிக்குப் பிரமோஷன் உண்டா?

சர்க்கார் உத்தியோகத்தில் 'பிரமோஷன்' என்னும் வார்த்தைக்கு உள்ள மகிமையை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குமாஸ்தாவாக நுழைந்தவர் தலைமைக் குமாஸ்தா ஆவதற்கும், பிறகு தாசில்தார் ஆவதற்கும் 'சீனியாரிட்டி' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலில் தம் பெயருக்கு மேலே வேறொருவர் பெயர் அநியாயமாக ஏறிவிட்டால் மேலதிகாரிக்கு மனுப் போடலாம். அது பலிக்காவிட்டால் கோர்ட்டுக்கும் போகலாம். சங்கீத உலகத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். மார்கழி மாதத்தில் மத்தியான வேளையில் காலி நாற்காலிகளுக்குப் பாடுகிறவர், மாலையில் நிறைந்த சபையில் பாடும் அந்தஸ்தை அடைவதற்குள் தலை நரைத்துப் போவதும் உண்டு. ஆயினும், தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அச்சிட்ட நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாவது அவர் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால், இரவு பத்து மணிக்கு அரிதாரம் பூசிக்கொண்டு கிழக்கு வெளுக்கும் வரையில் ஆடிப் பாடும் கூத்துக் கலைஞருக்குப் பிரமோஷன் உண்டா? உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள், எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்க மறுக்கிறார்கள் என்பதே இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது திமிரி. சரித்திரம் படித்தவர்கள், 1751-ஆம் வருஷத்தில் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றிய கையோடு திமிரிக் கோட்டையின்மீதும் படையெடுத்ததை அறிவார்கள். வியாபாரம் தெரிந்தவர்களோ, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் பதனிடும் ஊர்களை ஒட்டிய பிரதேசம் இது என்பார்கள். கூத்து ரஸிகர்களாகிய நமக்கு அது வேறு காரணத்தினால் பிரியமான இடம். திமிரியைச் சுற்றியும், அங்கிருந்து ஆரணி, செய்யாறு வரையிலும் உள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் பல உண்டு. பங்குனி பிறந்து ஆடி முடிவதற்குள், ஒன்றில்லாவிட்டால் மற்றொன்றில் பாரதக் கொடி ஏறியிருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், சூதும் துகிலும், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என்று நாளுக்கு ஒரு கதையாக நடந்து, கடைசி நாள் காலையில் களிமண் துரியோதனன் மண்ணில் படுத்திருக்கப் படுகளமும், மாலையில் தீமிதியும் ஆகும்.

இந்தக் கூத்தை ஆடும் குழுவுக்கு 'ஜமா' என்று பெயர். ஜமாவில் உத்தியோகப் படிகள் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. ஆனால் கிராமத்தில் சின்னக் குழந்தைக்குக்கூட அவை தெரியும். பையன் ஒருவன் ஜமாவில் சேர்ந்தால், முதலில் திரை பிடிப்பான். பின்பாட்டுக்குக் குரல் கொடுப்பான். பிறகு சேவகன், தோழி முதலிய சில்லறை வேஷங்கள் வரும். குரல் இளசாயும் உடம்பு மெலிவாயும் இருந்தால் ஸ்திரீ வேஷம். அதற்கும் மேலே, எல்லோரும் கண் வைத்திருக்கும் சிம்மாசனம், கட்டை வேஷம்.

இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும், புஜங்களிலும் மார்பிலும் கட்டும் ஆபரணங்களுமே கட்டை எனப்படுவன. துரியோதனன், கர்ணன், அர்ஜுனன் போன்ற ராஜாக்கள்தான் அவற்றைப் பூணுவார்கள். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் வந்து நின்று, முகத்தைக் காட்டாமலே விருத்தம் பாடி, பிறகு கொஞ்சங் கொஞ்சமாகத் தலையை உயர்த்திக் காட்டி, திரை விலகியதும் சக்கரமாகச் சுழன்று ஆட வேண்டும். முகவீணை உச்சத்தில் கத்துகிறது, மிருதங்கம் விடுவதாயில்லை. அவ்வளவு கனத்தையும் சுமந்துகொண்டு, அவ்வளவு சுற்றுச் சுற்றி, மூச்சு வாங்காமல் அடுத்த அடியை எடுத்துப் பாடுகிறவனுக்குத்தான் கட்டை வேஷம் தகும். இது நமது முதல் அபிப்பிராயம். இதில் ரஸிகர்களுக்குள் அதிக வித்தியாசம் இராது.

தகராறு, கொடுக்கும் இடத்தில் ஆரம்பமாகிறது. வேஷத்தைப் பங்கிடுகிறவர் வாத்தியார். பல ஜமாக்களில் அவரேதான் முதலாளி. கட்டைகளும் உடைகளும் அவருடைய சொத்து. பருவத்துக்கு முன்பே நடிகருக்கு முன்பணம் கொடுத்து அமர்த்திக்கொள்வதும் பல இடங்களில் வழக்கம். முன்பணம் வாங்கியவர், "எனக்கு இன்றைக்குக் கர்ணன் வேண்டும்" என்று உரத்த குரலில் கேட்பது எளிதல்ல. அதோடு, வாத்தியாருக்குப் பிள்ளை இருப்பது உலக இயற்கை. அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும்போது, இருபது வருஷமாகச் சேவகன் வேஷம் கட்டியவர் சேவகனாகவே நின்று, "மகாராஜா வருகிறார்!" என்று கட்டியம் கூறும்படி நேரிடுவதும் உலக இயற்கைதான்.

பரம்பரை என்பதே கெடுதல் என்று சொல்ல மாட்டோம். செய்யாற்றுக்கு அருகிலுள்ள புரிசையில் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கூத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். நடேச தம்பிரானின் ஆட்டத்தைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்த எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கியதை நாடக அபிமானிகள் நன்கு அறிவார்கள். வீடே பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில், பிள்ளைக்குத் தொட்டிலிலேயே தாளம் பழகிவிடும். ஆகையால் வாத்தியார் பிள்ளை நன்றாக ஆடினால் மகிழ்ச்சியோடு பார்ப்போம். நன்றாக ஆடுகிறானா என்று பார்த்துவிட்டு வேஷத்தைக் கொடுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

பட்டியல் போட்டுப் பதவி தரும் ஊர்களிலும் எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. பாரிஸ் நகரத்து ஆபெரா நடனக் குழுவில் ஐந்து படிகள் உண்டு. உச்சிப் படிக்கு 'நட்சத்திரம்' என்று பெயர். 2023 மார்ச்சில் அக்குழு கொரியாவில் ஸோல் நகரத்தில் ஆடியபோது, கியோம் தியோப் என்னும் இளைஞரை நடுவிலே ஒரு படியைத் தாண்டி நட்சத்திரமாக்கினார்கள். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அமெரிக்கன் பாலே தியேட்டரில் மிஸ்டி கோப்லாண்ட் என்னும் கறுப்பினப் பெண்மணி முதன்மை ஆட்டக்காரியாக உயர்த்தப்பட்டது 2015-ல். அக்குழு தோன்றிச் சுமார் எழுபத்தைந்து வருஷம் ஆன பிறகுதான் அது நடந்தது. ஆனால் அங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது. பட்டியல் அச்சில் இருப்பதால், யார் பெயர் இல்லை என்பதும் வெளிச்சமாய்த் தெரிகிறது. நமது ஜமாவில் பட்டியல் இல்லை. ஆகவே யார் விடுபட்டார்கள் என்று கேட்பாரும் இல்லை.

அப்படி விடுபட்டவர்களில் முதல்வர் ஸ்திரீ வேஷக்காரர். அவருடைய துர்ப்பாக்கியம் விசித்திரமானது. சரியாக ஆடாதவருக்கு மேல் வேஷம் கிடைக்காதது நியாயம். இவருக்கோ, மிக நன்றாக ஆடுவதனாலேயே கிடைப்பதில்லை! "நீ திரௌபதி கட்டாவிட்டால் ஊர் ஜனங்கள் ஒப்புக்கொள்வார்களா?" என்று வாத்தியார் உபசாரமாய்ச் சொல்வார். அவ்வளவுதான், ஆயுள் முழுவதும் புடைவைதான். 2024-ல் வெளிவந்த 'ஜமா' என்னும் படம் இந்த மனத்தாங்கலைத்தான் கதையாக எடுத்துக்கொண்டது. பெண் வேஷமே கட்டிவந்த கலைஞன் ஒருவன், அர்ஜுனனாக ஆட வேண்டும் என்று ஏங்குகிறான். பாரி இளவழகன் இயக்கித் தாமே அவ்வேஷத்தை ஏற்றார்; இளையராஜா இசையமைத்தார். கூத்துக் கலைஞனின் பதவிக் கவலையைப் பட்டணத்து ஜனங்கள் கொட்டகையில் உட்கார்ந்து கவனித்தது நல்ல காரியம்.

இந்த விஷயத்தில் நமது அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. அர்ஜுனன் வேஷம் கேட்பவருக்குப் பரீட்சை வைத்துப் பார்த்துக் கொடுக்கட்டும். ஆனால் திரௌபதியிலிருந்து அர்ஜுனனுக்குப் போவது 'பிரமோஷன்' என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? துகில் இரவை நினைத்துப் பாருங்கள். துச்சாதனன் வேஷக்காரர் புடைவையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவதுண்டு. பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்த இரவைத் தூக்கி நிறுத்துகிறவர் யார்? கட்டை இல்லாமல், கிரீடம் இல்லாமல், அவிழ்ந்த கூந்தலும் தொண்டையும் மட்டுமே துணையாக நிற்கும் அந்தக் கலைஞர்தான். கட்டை வேஷத்துக்கு எத்தனை பங்கு உண்டோ, அத்தனை பங்கு அவருக்கும் கொடுக்க வேண்டும். விளம்பர நோட்டீஸில் துரியோதனன் பெயருக்குச் சமமாக அவர் பெயரையும் அச்சிட வேண்டும். கட்டியக்காரனுக்கும் இதே சிபாரிசைச் செய்கிறோம். தூங்கி விழுகிற ஜனங்களை மூன்று மணிக்கு எழுப்பி உட்கார வைக்கிறவன் அவன் அல்லவா?

இப்போது இன்னும் பெரிய கேள்விக்கு வருவோம். தெய்வம் பெண், கதையின் நாயகி பெண், விரதம் இருப்பவரிலும் மஞ்சள் நீர் ஊற்றுபவரிலும் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் கூத்து மேடையில் நெடுங்காலம் பெண்ணுக்கு இடமில்லை. பட்டணத்து நாடக மேடையில், சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் கடைசியிலேயே, கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்திப் புகழ் பெற்றார். ஜமாவோ அசையவில்லை.

அசைத்தவர்கள் காஞ்சிபுரத்தில் இருந்தார்கள். தகப்பனாரிடம் கூத்துப் பயின்ற பி. ராஜகோபாலும், அவருடைய மனைவியாரும் ஆராய்ச்சியாளருமான ஹன்னா தெ ப்ரூயினும், 1990-ல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் மூலமாக 2002-ல் புஞ்சை அரசந்தாங்கலில் ஒரு குருகுலம் ஏற்படுத்தினார்கள். அங்கே பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் படித்தார்கள். பையன்களுக்குச் சமமாகப் பெண்களும் படித்தார்கள். அந்தப் பெண்கள் தோழி வேஷத்தோடு நிற்கவில்லை. கட்டை கட்டினார்கள், கிரீடம் வைத்துத் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடினார்கள், சுழன்று ஆடினார்கள். படித்து வெளியே வந்த பெண்கள் தனிக் குழு அமைக்கவும் துணிந்தார்கள். அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. பள்ளிக்கூடத்தை மூடலாம், கற்றவர்கள் கற்றதை மறந்துவிடப் போவதில்லை. அவர்களுக்கு ஆடுவதற்கு இரவு கிடைக்குமா என்பதுதான் இன்று நம் முன்னால் நிற்கும் கேள்வி.

கிடைப்பதற்குத் தடைகள் பல. கூத்து விடிய விடிய நடப்பது. ஊர் விட்டு ஊர் போக வேண்டியது. கல்யாணம் ஆனதும், "இனிமேல் ஆட்டம் எதற்கு?" என்று புக்ககத்தில் கேட்பார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துப் பாதரட்சைத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். காலையில் வண்டி வீட்டு வாசலுக்கு அருகில் வருகிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. வருஷத்தில் சில மாதமே பிழைப்பளிக்கும் கூத்து அதோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. இந்தத் தடைகளை வார்த்தையால் நீக்கிவிட முடியாது. ஆனால் இரண்டு ஆட்சேபங்களுக்கு வார்த்தையாலேயே பதில் சொல்லலாம்.

முதலாவது, "பெண்ணுக்குக் கட்டையின் கனம் தாங்காது" என்பது. இதைச் சொல்கிறவர் வீட்டுக்குத் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் யார் தலைமேல் வந்தன என்று அவரே யோசித்துக்கொள்ளட்டும். இரண்டாவது, கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்லப்படுவது: "மாதத்தில் மூன்று நாள் இருக்கிறதே, அம்மன் சந்நிதியில் ஆடலாமா?" என்பது. நேயர்களே, பாரதக் கதையை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். துச்சாதனன் கூந்தலைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்த தினத்தில் பாஞ்சாலி எந்த நிலையில் இருந்தாள்? ஒற்றை ஆடையோடு, அதே மூன்று நாளில்தான் இருந்தாள். அவள் அன்றைக்குச் சபையின் நடுவே நின்று கேட்ட கேள்விக்குப் பீஷ்மராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் திரௌபதியைத்தான் தெய்வமாக வைத்துத் தீ மிதிக்கிறோம். அவளுடைய சந்நிதியில் நின்றுகொண்டு இந்த ஆட்சேபத்தைச் சொல்வதற்கு நமக்கு நாக்கு எழவில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வேஷத்தைப் பங்கிடுகிறவர் வாத்தியார் என்றோம். ஆனால் வாத்தியாரை அழைத்து வெற்றிலை பாக்கு வைத்துப் பணம் பேசுகிறவர்கள் ஊர் விழாக் கமிட்டியார். "துரியோதனன் யார் கட்டுகிறார்?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர்கள் ஒப்பந்தம் பேசுகிறார்கள். அந்தக் கேள்வியோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். "திரௌபதி கட்டுகிறவருக்கு என்ன பங்கு?" என்பது ஒன்று. "எங்கள் ஊரில் ஓர் இரவாவது பெண்கள் குழு ஆடுமா?" என்பது மற்றொன்று. திமிரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்து, சென்னையிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, வருஷந்தோறும் விழாவுக்குத் தவறாமல் நன்கொடை அனுப்பும் நேயர்கள் பலர் இருப்பார்கள். நன்கொடையோடு இந்த இரண்டு கேள்விகளையும் ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கமிட்டியார் கேட்டுவிட்டால் வாத்தியார் மறுக்க மாட்டார். அடுத்த பங்குனியில், திரைக்குப் பின்னாலிருந்து எழும் துரியோதனன் குரல் ஒரு பெண்ணின் குரலாக இருந்தால், முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்து கேட்க நாம் தயாராயிருக்கிறோம்.