எஸ்டிமேட்டில் ஒரு வரி

மின்சாரச் சிக்கனம் என்றவுடன் நட்சத்திரம் ஒட்டிய ஏசிதான் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. என் கருத்து வேறு. சிக்கனம் கூரையில் தொடங்க வேண்டும். அதிலும் அரசு உதவியில் கட்டப்படும் சின்ன வீடுகளின் கூரையில்.

சித்திரையில் நம் புதுச்சேரிக்கு நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. சுவரைவிட மொட்டைமாடியே அதிக வெயிலை வாங்குகிறது. நான்கைந்து அங்குல கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் வீட்டுக்குள் விடுகிறது. மின்விசிறி அந்த அனலைத்தான் கீழே தள்ளும். வசதியுள்ளவர் ஏசி போட்டுத் தப்பிக்கிறார். கூலி வேலை முடித்து வருகிறவர் தூக்கமில்லாமல் புரளுகிறார். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது உயிருக்கே ஆபத்து.

நம் பெரியவர்கள் மட்டப்பா போட்டார்கள். மர உத்தரங்களின் மேல் சன்னமான செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் நெட்டுக்குத்தாக அடுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். அனல் முற்றத்தின் வழியாக வெளியேறியது. திண்ணை சுவருக்கு நிழல் தந்தது. கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளில், வெயிலை மறித்துக் காற்றை விடும் சரிவுப் பட்டை ஜன்னல் கதவுகள் உண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் அதை 'பெர்சியென்' என்று படித்தோம்.

30 சதுர மீட்டர் வீட்டில் முற்றத்துக்கு இடமில்லை, மரத்துக்குப் பணமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொட்டைமாடியில் வெள்ளை ஓடு பதிக்கலாம். அதுவும் முடியாவிட்டால் ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் சுண்ணாம்பு அடிக்கலாம். ஜன்னலுக்கு மேல் நல்ல அகலமான சன்ஷேடு, எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல். இவற்றால் அறையின் சூடு சில டிகிரி இறங்கும்.

மத்திய அரசு 2018-இல் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. நல்ல விதிகள்தான். ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒண்டிக் குடும்பம் தன் சிறு மனையில் அரசு மானியத்தோடு கட்டும் வீடு அதற்குள் வரவே வராது. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு விதி இல்லை.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எஸ்டிமேட்டில் வரி இல்லாத வேலை நடக்காது. "வெயிலைத் திருப்பும் வெள்ளைத் தளம்" என்று ஒரு வரி சேர்த்து, அதற்கான தொகையும் ஒதுக்கி, கடைசித் தவணை கொடுக்குமுன் மேலே ஏறிப் பார்த்தால் போதும்.

கூரை குளிர்ந்த பிறகு மின்விசிறியைப் பார்ப்போம். பழைய விசிறி சுமார் 75 வாட்; இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட் மிச்சம்.

உங்கள் தெருவில் யாராவது மானிய வீடு கட்டிக்கொண்டிருந்தால், தளம் போடுமுன் இதைச் சொல்லுங்கள்.