புதைக்குமுன் பக்குவம் செய்க

சாயப்பட்டறை நீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். ஆனால், சுத்திகரித்தபின் எஞ்சும் கசடு எங்கே போகிறது என்று கேட்போர் சிலரே. நீரிலிருந்து பிரித்த நஞ்சை அப்படியே மண்ணிற் புதைத்தால், அது மழைநீரோடு கசிந்து மீண்டும் கிணற்றையே சேரும். சுத்திகரிப்புக்கு இட்ட செலவும் வீணாகும்.

நொய்யலாற்றின் கதையை நம் அங்கத்தினர் அறிவர். பாசனத்துக்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிற்று. பயிருக்கு உதவவேண்டிய நீர் பயிருக்கே பகையாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை அறவே வெளிவிடாத நிலையை எய்தும் வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அதன்பின் நீரையும் உப்பையும் மீட்கும் முறை வந்தது. எனினும் கசடு எஞ்சவே செய்கிறது.

அதனைப் பக்குவப்படுத்தும் வழி அரிதன்று. ஈரத்தைப் பிழிந்து நீக்கி, சிமெண்டு, சுண்ணாம்பு, அனல்மின் நிலையச் சாம்பல் ஆகியவற்றைத் தக்க அளவிற் கலந்து இறுகச் செய்வர். உலோக நஞ்சுகள் அதனால் எளிதிற் கரையாத நிலை பெறும். இறுகியதிலிருந்து நஞ்சு கசிகிறதா என்று சோதித்த பின்னரே, களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் பரப்பிய குழியில் அதனை இடுதல் வேண்டும். உப்பு இவ்வாறு கட்டுப்படாது. ஆதலின் அதனை முன்னரே தனியே பிரித்தல் இன்றியமையாதது.

2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், இத்தகைய கசட்டைப் பொதுவாக 90 நாள்களுக்கு மேல் பட்டறையில் வைத்திருக்கலாகாது என்றும், அனுப்பும் சுமைக்கு அனுப்புச் சீட்டு வேண்டும் என்றும் விதிக்கின்றன.

இதனால் சாயக்கூலி உயரும், துணி விலைபோகாது என்று நெசவாளர் அஞ்சுவது இயல்பே. ஆயினும், பக்குவம் செய்யாமையாற் செலவு மறைந்துவிடுவதில்லை. கிணறு கெட்ட உழவர் தலையில் அது விழுகிறது. ஒருவர் பிழைக்க மற்றவர் நலிவது கூட்டுறவாகாது.

சங்கக் கணக்குகளைப் பார்வையிடுகையில், சாயக்கூலி ஒரே தொகையாக எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறேன். கசட்டுக்கென ஒரு வரியும் இல்லை. இனி அச்செலவைத் தனி இனமாகக் காட்டுமாறும், கசடு உரிமம் பெற்ற நிலையத்தைச் சேர்ந்ததற்கான சீட்டின் நகலைத் தருமாறும் பட்டறைகளைச் சங்கங்கள் கேட்க வேண்டும். தனி நெசவாளர் கேட்டால் பட்டறைக்காரர் செவிசாய்ப்பது அரிது. நூலை மொத்தமாக அனுப்பும் சங்கம் கேட்டால் மறுப்பது எளிதன்று. அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொணருமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொள்கிறேன்.