மாலை தொடுக்கும் உரிமை மாணவர்க்கே!



ஆண்டுதோறும் செப்டம்பர் 5 வருகிறது. மேடை எழுகிறது, மாலை விழுகிறது, மன்றம் அதிரக் கையொலி கிளம்புகிறது. 1962 முதல் அந்த நாள் இந்த நாட்டிலே ஆசிரியர் நாள். நல்லாசிரியர்க்கு விருது வழங்கும் வழக்கமோ அதற்கும் மூத்தது. ஒன்றிய அரசின் தேசிய விருது 1958-இல் தொடங்கிற்று. அது பள்ளி ஆசிரியரை மனத்திற்கொண்டு எழுந்த விருது. கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் கற்பிப்போர் அந்த வட்டத்துக்குள் வர 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

விருது வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஊரார் பிள்ளைகளுக்குக் கண் திறப்பவரை ஊர் கூடிப் போற்றுவது நம் பண்பு. நாம் கேட்பது ஒரே கேள்விதான். இவர் சிறந்த ஆசிரியர் என்று முதலிலே சொன்னவர் யார்?

அதிகாரி சொன்னார் என்பது பழைய விடை. 2018-இல் தேசிய விருதின் விதி மாறிற்று. பள்ளி ஆசிரியர் தாமே விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. மேலிடத்தின் கடைக்கண் பார்வைக்குக் காத்துக் கிடந்த நிலையை நோக்க இது முன்னேற்றந்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும், தம் பெருமையைத் தாமே எழுதி, தம் படத்தைத் தாமே ஒட்டி, தம் சான்றிதழ்களைத் தாமே அடுக்கி அனுப்பும் வேலை, உண்மையான ஆசிரியருக்கு எத்துணைக் கூச்சம் தரும்! கூச்சமுள்ளவர் ஒதுங்குவார், கூச்சமற்றவர் கோப்புடன் முந்துவார். அந்தக் கோப்பிலே எல்லாம் இருக்கும். கருத்தரங்கச் சான்று இருக்கும், கட்டுரைப் பட்டியல் இருக்கும், மாண்புமிகு ஒருவருடன் நிற்கும் படமும் இருக்கும். ஆண்டு முழுவதும் அவர் எதிரே அமர்ந்து கேட்டவனின் சொல் ஒன்று, அதுதான் இராது!

ஆகவே சொல்கிறோம்: கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தலுக்கென்று விருது கொடுப்பதானால், பெயரை முன்மொழியும் உரிமை மாணவர்க்கே உரியது.

இது பட்டணத்துப் படிப்பாளிகளின் பொழுதுபோக்குப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். சுருளிப்பட்டியிலே நின்று பாருங்கள், இதன் பொருள் விளங்கும். அருவிக்குச் செல்லும் சாலையின் மருங்கிலே திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்குப் பட்டம் கிடைத்தது, மகிழ்வோம். அந்தப் பந்தலின் கீழே கழுத்து வலிக்க அண்ணாந்து குலை வெட்டுகிறாளே ஒரு தாய், அவள் மகள் பட்டம் பெற என்ன பாடுபடுகிறாள்? காலையிலே பேருந்து பிடித்து உத்தமபாளையத்துக்கோ கம்பத்துக்கோ செல்கிறாள். அவள் குடும்பத்திலே கல்லூரிப் படியை மிதித்த முதற்கால் அவளுடையது.

வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பிலே விளங்காதது வீட்டிலே விளங்கும். சொல்லித்தர அண்ணன் உண்டு, மாமன் உண்டு, பணம் கொடுத்தால் தனிப்பயிற்சி உண்டு. இவளுக்கு வகுப்பறை ஒன்றே வாயில். அங்கே விளங்கினால் உண்டு, விளங்காவிட்டால் இல்லை. அக்கறையற்ற ஆசிரியர் அந்தப் பிள்ளைக்கு ஒரு சலிப்பு. இவளுக்கோ ஓராண்டு வாழ்வு! நல்லாசிரியரின் அருமையை இவளைவிட அறிந்தவர் யார்? அவளை நோக்கி, "அம்மா, உனக்குக் கண் திறந்தவர் யார்?" என்று கேட்க ஒரு படிவம் உண்டா?

நம் பள்ளத்தாக்கின் கதையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பட்டம் பெற வேண்டுமென்றால் மதுரைக்குப் பயணப்பட்டார்கள் நம் முன்னோர். 1881-இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி அங்கேதான். 1949-இல் தோன்றிய தியாகராசர் கல்லூரி அங்கேதான். பெண்களுக்கென 1948-இல் எழுந்த லேடி டோக் கல்லூரியும் அங்கேதான். பிறகு 1956-இல் உத்தமபாளையத்திலே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது. 1966-இல் மதுரையிலேயே பல்கலைக்கழகம் தோன்றிற்று. சென்னையை நோக்கியிருந்த கண்கள் மதுரையை நோக்கின. கல்லூரி அருகிலே வந்தது. பல்கலைக்கழகம் அருகிலே வந்தது. மாணவரின் சொல் மட்டும் பல்கலைக்கழகத்தின் அருகே செல்லவில்லை!

"மாணவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். 1989-இல் அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது; 21 என்றிருந்த வாக்குரிமை வயது 18 ஆயிற்று. பதினெட்டு வயதிலே நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் அறிவு அவனுக்கு உண்டாம். நாள்தோறும் தன் முன்னே நின்று பாடம் சொல்பவரைப் பற்றிக் கருத்துக் கூறும் அறிவு மட்டும் இல்லையாம்! முதலமைச்சர் யார் என்று முடிவு செய்யலாம், முதல் வகுப்பு எப்படி நடந்தது என்று சொல்லக் கூடாதாம்! என்னே இவர்தம் தருக்கம்!

நம் பழந்தமிழ் இலக்கண நூலார் இத்தகைய அச்சம் கொண்டவரல்லர். பவணந்தியார் நன்னூலின் பாயிரத்திலேயே நல்லாசிரியர் இலக்கணம் வகுத்தார். அத்தோடு நில்லாமல் ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்றும் பட்டியலிட்டார். ஒருபுறம் வளைந்து வளர்ந்து, நீர் ஊற்றியவனை விட்டு அயலான் தோட்டத்திலே காய் உதிர்க்கும் முடத்தெங்கு போன்றவர் ஆசிரியர் ஆகார் என்றார். பஞ்சு அடைத்த குண்டிகை போல, அடைப்பதற்கும் அரிது, எடுப்பதற்கும் அரிது என்று இருப்பவரும் ஆகார் என்றார். கற்பித்தலின் குறையை நீர் ஊற்றியவன் பக்கம் நின்று பார்க்கிறாரே, அதைக் கவனியுங்கள். தெங்கு வளைந்திருக்கிறது என்பதை முதலிலே அறிபவன், காய் கிடைக்காதவன் அன்றோ?

மேனாட்டைப் பாருங்கள். இத்தாலியின் பொலோஞாவிலே 13-ஆம் நூற்றாண்டில் மாணவர் குழுக்களே ஆசிரியரை அமர்த்தின. காலந்தாழ்ந்து வந்த ஆசிரியருக்குத் தண்டம் விதித்தன. அந்த அளவுக்கு நாம் செல்லச் சொல்லவில்லை. தண்டம் வேண்டாம், பாராட்டும் உரிமை போதும்! ஸ்காத்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்திலே மாணவர் சங்கமே கற்பித்தல் விருதுகளை நடத்தத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் நாட்டிலும் ஐ.ஐ.டி.கள் சிலவற்றில் கற்பித்தல் விருதுக்கு மாணவர் கருத்து கேட்கப்படுகிறது. கல்லூரிகளை மதிப்பிடும் தேசியக் குழுவான 'நாக்' 2017-இல் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பைத் தன் முறையிலே சேர்த்தது. கல்லூரிக்குத் தரம் போட மாணவர் சொல் வேண்டும். ஆசிரியருக்கு மாலை போட மட்டும் வேண்டாமா?

இனி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாதத்துக்கு வசதியானதை மட்டும் காட்டி, வசதியற்றதை மறைப்பது நம் ஏட்டுக்கு அழகன்று.

கேரல், வெஸ்ட் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் நடத்திய ஆய்வை 2010-இல் வெளியிட்டனர். எந்த மாணவன் எந்த ஆசிரியரிடம் என்பதை அங்கே மாணவன் தேர்ந்துகொள்வதில்லை. விருப்பு வெறுப்பின்றிப் பகிர்ந்துவிடுகிறார்கள். ஆகவே ஒப்பிடுவது எளிது. கண்டது என்ன? மாணவரிடம் உயர்ந்த மதிப்பீடு பெற்ற ஆசிரியரின் வகுப்பு, அந்தப் பாடத்தின் தேர்விலே நன்றாகவே செய்தது. ஆனால் அதற்கு அடுத்த மேற்பாடத்திலே பின்தங்கிற்று! குறைந்த மதிப்பீடு பெற்றவரின் மாணவரோ பின்னாளில் முந்தினர். தேர்வுக்கு வேண்டியதை மட்டும் ஊட்டிவிட்டவர் அன்று இனித்தார்; அடிப்படையை அழுத்தமாகப் போட்டவர் அன்று கசந்தார்.

இதற்கு அமெரிக்கா வரை போவானேன்? திராட்சைத் தோட்டத்துக்காரரைக் கேளுங்கள். கவாத்துச் செய்தவன் கைத்திறன் கவாத்து நாளிலே தெரியாது; கொடி மொட்டையாக நிற்கும். குலை பழுக்கும் நாளிலேதான் தெரியும். ஆகவே விருதுக்கு இந்த ஆண்டு வகுப்பிலிருப்போரை மட்டும் கேட்டால் போதாது. படித்து முடித்து மூன்றாண்டு ஆனவரையும் கேட்க வேண்டும். வேலைக்குப் போன பின்னும், மேற்படிப்புக்குப் போன பின்னும், எந்த ஆசிரியரின் பாடம் கைகொடுக்கிறது என்று அவர்களன்றோ அறிவர்?

இன்னொரு குறையும் உண்டு. வட கரோலினாவிலே நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. சிறிய ஆய்வுதான். முகம் காணாமல் கணினி வழி நடந்த வகுப்பிலே ஒரே ஆசிரியர் ஒரு குழுவுக்கு ஆண் பெயரிலும் மற்றொரு குழுவுக்குப் பெண் பெயரிலும் கற்பித்தார். ஆண் பெயருக்கு மதிப்பெண் கூடிற்று. பெண் பெயருக்குக் குறைந்தது! ஆசிரியர் ஒருவரே, பெயர் மட்டுமே வேறு. அங்கே பெண் என்பதால் குறைந்த மதிப்பெண், இங்கே எதனால் எல்லாம் குறையும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் கேட்டு, தெரு கேட்டு, சாதி அறிந்து பழகும் பழக்கம் கல்லூரி வாசலிலே செருப்போடு கழன்றுவிடுவதில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், பெரும்பான்மைச் சாதிக்காரர் ஆண்டுதோறும் நல்லாசிரியர் ஆவார். மற்றவர் ஆண்டுதோறும் கைதட்டுவார்!

எனவே, இது வாக்கெடுப்பாக இருக்கக் கூடாது. எத்தனை பேர் சொன்னார்கள் என்பதல்ல, என்ன சொன்னார்கள் என்பதே அளவுகோல் ஆக வேண்டும். "நல்லவர், வல்லவர்" என்ற பொதுப் புகழுரை செல்லாது. "ஆங்கிலத்திலே விளங்காத கணக்கைத் தமிழிலே சொல்லி, மறுபடி ஆங்கிலத்திலே எழுதப் பழக்கினார்" என்று ஒருத்தி எழுதினால், அந்த ஒரு வரி நூறு வாக்குக்குச் சமம். எழுதியவர் பெயர் ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் தெரியக் கூடாது. அக மதிப்பெண் போடும் கை ஆசிரியருடையதாக இருக்கும்போது, திறந்த மடலிலே எழுதும் பாராட்டு பாராட்டாகாது, அது காணிக்கை!

தோழரே, இப்போது நமக்கே ஒரு சொல். நம் மாணவத் தோழர்கள் கல்லூரிதோறும் இருக்கிறார்கள். இந்த உரிமை கிடைத்தவுடன், நம் கருத்துக்கு இசைந்த பேராசிரியருக்கு ஆள் திரட்டும் ஆசை எழும். எழக் கூடாது! நம் கூட்டத்துக்கு வருபவர் என்பதற்காகப் பாடம் நடத்தாதவரைப் பரிந்துரைப்பதும், மாற்றுக் கொள்கையினர் என்பதற்காக உயிரைக் கொடுத்துக் கற்பிப்பவரை ஒதுக்குவதும், நாம் எதிர்த்து நிற்கும் அதே மேலிடத்துப் பழக்கத்தைக் கீழிடத்திலே நடத்துவதாகும். கொடியின் நிறம் பார்த்துப் பாடத்தின் தரம் சொல்பவன் தோழன் அல்லன்.

முடிவாக ஒன்று, முதன்மையானதும் இதுவே. நல்லாசிரியர் என்று மாணவி எழுதும் பெயர் யாருடையதாக இருக்கும்? பல கல்லூரிகளிலே அது ஒரு கௌரவ விரிவுரையாளரின் பெயராக இருக்கும். பெயரிலே கௌரவம், ஊதியத்திலே அவலம்! ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு உச்சமாக 50,000 ரூபாய் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் அளவு வகுத்தது. அந்த அளவைக் கேட்டு நம் மாநிலத்துக் கௌரவ விரிவுரையாளர்கள் வீதிக்கு வந்து போராடியதைக் கண்டோம். விருது விதியிலே "நிரந்தரப் பணியினர் மட்டும்" என்ற மூன்று சொல் நுழைந்துவிட்டால், மாணவியின் வாயிலே வந்த பெயர் வாசலிலேயே நிறுத்தப்படும்.

நிறுத்தக் கூடாது. மாணவர் முன்மொழிந்தால், நிரந்தரமோ தற்காலிகமோ, எந்த ஆசிரியரும் ஏற்கப்பட வேண்டும். அப்போது என்ன நடக்கும்? மேடையிலே நாட்டின் சிறந்த ஆசிரியர் என்று ஒருவர் நிற்பார். அவருக்கு அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பது அவருக்கே தெரியாது! அந்தக் காட்சியை நாடு காணட்டும். கண்ட பின்னர், மாலையோடு நிறுத்திக்கொள்ள எந்த அரசாலும் இயலாது; பணியாணை கேட்கும் குரல் மாலைக்குள்ளிருந்தே கிளம்பும். அதனால்தான் இந்தச் சிறிய உரிமையைக் கொடுக்கப் பெரியவர்கள் தயங்குகிறார்கள்.

நாம் தயங்க வேண்டாம். உங்கள் ஊர்க் கல்லூரியின் முதல்வரிடம், மாணவர் மன்றத்திடம், பல்கலைக்கழக ஆட்சிக்குழுவிடம் இந்தக் கோரிக்கையைக் கொண்டு செல்லுங்கள். முன்மொழிவது மாணவர், முடிவு காரணத்தால், பெயர் காக்கப்பட வேண்டும், பழைய மாணவர் சேர்க்கப்பட வேண்டும், கௌரவ விரிவுரையாளர் விலக்கப்படக் கூடாது. ஐந்தே வரி. ஒரு தாளில் அடங்கும்.

சுருளிப்பட்டியிலிருந்து பேருந்தேறும் பெண், தன் கையாலே அந்தப் பெயரை எழுதட்டும்!