முதுமையும் நடையும்

குழந்தை நடை பயிலும்போது பன்முறை விழுகின்றது. விழுந்த குழந்தையைத் தூக்கி நிறுத்தி, நடைவண்டியைக் கையில் கொடுத்து, மீண்டும் நடக்கச் செய்து மகிழ்கின்றோம். 'விழுந்துவிட்டாய், இனி நடவாதே' என்று எந்தத் தாயும் கூறுவதில்லை. ஆனால் அதே வீட்டில் பாட்டியார் ஒருமுறை வழுக்கி விழுந்துவிட்டால், 'பேசாமல் ஓரிடத்தில் இருங்கள்' என்று அனைவரும் கூடிக் கட்டளையிடுகின்றோம். அன்பினால் பிறக்கும் சொல்லே இது. ஆயினும் தவறான சொல் என்பது என் கருத்து.

என் பாட்டியார் அவ்வாறு ஓரிடத்தில் அமர்த்தப்பட்டவர். எழுபத்தாறு வயது வரையில் கிணற்றில் தாமே நீர் இறைத்தவர். நாள்தோறும் கோயிலுக்கு நடந்து சென்று வந்தவர். ஒரு மார்கழிக் காலையில், கோலமிடுவதற்காக நீர் தெளித்த வாயிலில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை; முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. எனினும் நாங்கள் அஞ்சிவிட்டோம். உணவும் நீரும் கட்டிலைத் தேடிச் சென்றன. கோயிலுக்குப் போவதும் நின்றது. ஆறு திங்களில் அவருடைய கால்கள் மெலிந்து போயின. பின்னர் ஒருநாள் இரவு, கட்டிலிலிருந்து எழுந்து நின்ற அளவிலேயே சாய்ந்தார்; தொடையெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் எழுந்து நடக்கவே இல்லை. முதல் வீழ்ச்சியைக் காட்டிலும் எங்கள் அச்சமே அவருக்கு மிகுந்த தீங்கு செய்தது என்று இன்று எண்ணுகின்றேன்.

மனிதன் இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்பது எளிய செயலன்று. காதின் உட்பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றுள் நிறைந்துள்ள நீர்மம், தலை திரும்புந்தோறும் அசைந்து, அவ்வசைவை மூளைக்கு உணர்த்துகின்றது. கண்கள் சுற்றுப்புறத்தைக் காட்டுகின்றன. பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்புகள் தரையின் தன்மையை அறிவிக்கின்றன. இம்மூன்று செய்திகளையும் ஒப்புநோக்கி, மூளை தசைகளுக்கு ஆணையிடுகின்றது. ஐயமுறுவோர், தோழர் ஒருவரை அருகில் நிறுத்திக்கொண்டு, கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்று பார்க்கலாம். சில நொடிகளில் உடல் தள்ளாடும். மூன்று துணைகளுள் ஒன்று நீங்கினால் இளைஞருக்கே இந்நிலை. முதுமையிலோ மூன்றும் சிறிது சிறிதாக மங்குகின்றன. நீரிழிவு உடையவர்க்குப் பாதங்களின் உணர்வு மேலும் குறைதல் உண்டு.

கண்ணும் காதும் மங்குவதை முற்றிலும் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் தசையின் இயல்பு வேறு. பயன்படுத்தாவிடின் அது விரைவில் மெலியும். பயிற்சி அளித்தாலோ எண்பது வயதிலும் வலிமை பெறும். முதியோரை அமர்த்தி வைப்பது அவர்களிடம் எஞ்சியிருக்கும் துணையையும் பறிப்பதாகும் என்று நான் கூறுவது இதனாலேயே.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவரே மிகுதி. இதனை விதியென்று விட்டுவிடலாமா? அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டியும் அவர்தம் குழுவினரும் 1994ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 301 பேர் அதில் பங்கு பெற்றனர். ஒரு சாராருக்கு, அவர்கள் உட்கொண்ட மருந்துகளைச் சீர்ப்படுத்தினர். கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சிகளையும், தடுமாறாமல் நிற்கும் பயிற்சிகளையும் கற்பித்தனர். ஓராண்டில் அவர்களுள் நூற்றுக்கு 35 பேர் விழுந்தனர். மற்றொரு சாராருள் நூற்றுக்கு 47 பேர் விழுந்தனர். சிறிய வேறுபாடுதானே என்று எண்ணற்க. நூறு வீடுகள் உள்ள ஒரு தெருவில், பன்னிரண்டு பாட்டன் பாட்டியர் விழாமல் நடமாடுவதை மனத்தில் கொண்டு பாருங்கள்.

நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் பலமுறை எழுந்து அமர்தல், சுவரைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்துதல், நாள்தோறும் சிறிது தொலைவு நடத்தல் ஆகியவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. தொடங்குமுன் மருத்துவரைக் கேட்பது நன்று. தூக்க மருந்து உண்பவர் அதுபற்றியும் கேட்க வேண்டும்; தள்ளாட்டத்திற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். படுக்கையிலிருந்து திடுமென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். ஆதலின் சற்றே அமர்ந்திருந்து, பிறகு எழ வேண்டும்.

முதியோர்மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. கைத்தடி ஊன்றுவதை மானக்குறைவாகக் கருதுவோர் பலர். மூக்குக்கண்ணாடி அணிவதில் இல்லாத இழிவு கைத்தடியில் எவ்வாறு வந்தது?

வீட்டில் உள்ள இளைஞர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வழியில் எறிந்து கிடக்கும் புத்தகப்பை யாருடையது? எண்ணெய்க் குளியலுக்குப் பின் குளியலறைத் தரையைத் தேய்த்துக் கழுவாமல் வந்தவர் யார்? பாட்டியார் இரவில் எழுந்து செல்லும் வழியில் விளக்கு எரிகின்றதா? தேய்ந்து வழுவழுப்பான அவர் செருப்பை நீங்கள் என்றேனும் திருப்பிப் பார்த்ததுண்டா? தாத்தா நடந்துவர விரும்பும் மாலையில், அவருடன் தெருமுனை வரையில் மெல்ல நடந்து செல்லுங்கள். அவருடைய கையை இழுக்க வேண்டா. உங்கள் கையை அவர் பற்றிக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் இப்பொழுது ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கின்றது. பாட்டியார் மறைந்த பிறகே அதனைப் பொருத்தினோம். கொத்தனாருக்கு அந்த வேலை அரைநாள் கூடப் பிடிக்கவில்லை.